விதைநெல் காத்த நகரம்

மாணாக்கரைத் தொலைநாட்டுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியனுக்கு மூன்று கவலைகள் உண்டு. எண்ணிக்கொண்டு போனவரை எண்ணிக்கொண்டு வந்து பெற்றோரிடம் ஒப்புவித்தல் ஒன்று. காட்டத்தக்கவற்றைக் காட்டுதல் மற்றொன்று. இவ்விரண்டும் எல்லா ஆசிரியரும் அறிந்தவை. மூன்றாவது, காட்டாமல் விடத்தக்கது எது என்று தெளிதல். முதலிரண்டிலும் எனக்குப் பழக்கம் உண்டு. திருக்கேதீச்சரத்துக்கும் அநுராதபுரத்துக்கும் எத்தனையோ முறை பிள்ளைகளைக் கொண்டுபோய் வந்தவன் நான். மூன்றாவதிற் பிழைவிட்டேன். அப்பிழையைத் திருத்தியவள் பத்தொன்பது வயது மாணவி ஒருத்தி. திருத்திய இடம் உருசிய நாட்டிலே, நீவா நதிக்கரையிலே உள்ள சென் பீற்றர்ஸ்பேர்க் நகரம். அந்தக் கதையையே வாசக அன்பர்களுக்குச் சொல்லப் புகுகின்றேன்.

2017ஆம் ஆண்டு ஆனி மாதம். எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் பன்னிரண்டு பிள்ளைகளை ஓர் ஆசிரியரோடு அந்நகருக்கு அனுப்பும் செலவு முழுவதையும் தாமே ஏற்றார். அவர் 1980களிற் புலமைப்பரிசில் பெற்று அங்கே பொறியியல் பயின்றவர். இப்பொழுது மேலைநாடொன்றில் வாழ்பவர். அவர் விதித்த நிபந்தனை ஒன்றே. “பண்டிதர் ஐயா, பிள்ளைகள் அரண்மனையை மாத்திரம் பார்த்துவிட்டு வரக்கூடாது. ஊரைப் பார்த்து வரவேண்டும்” என்று தொலைபேசியிற் கூறினார். அரண்மனைக்கும் ஊருக்கும் உள்ள வேற்றுமை அப்பொழுது எனக்கு விளங்கவில்லை.

பார்க்கவேண்டிய இடங்களின் பட்டியல் ஒன்றையும் அவர் அனுப்பியிருந்தார். அதன் இறுதியில் ‘பிஸ்கரியோவ் இடுகாடு’ என்று இருந்தது. இரண்டாம் உலகப் போரிலே பசியால் இறந்த மக்களைப் புதைத்த இடம் அது. நான் என் பேனையை எடுத்து அந்த ஒரு வரியை வெட்டினேன். எங்கள் பன்னிருவருள் ஐவர் வன்னிப் பிள்ளைகள். 2009இல் அவர்களுக்கு வயது பத்தோ பதினொன்றோ. கண்ட காட்சிகளை மறக்கக் கொடுத்துவைக்காதவர்கள். அவர்களைக் கடல் கடத்திக் கொண்டுபோய் மறுபடியும் புதைகுழியையா காட்டுவது? வெட்டியது சரியென்றே எண்ணினேன்.

யாமம் இல்லாத ஊர்

நாங்கள் போய் இறங்கியபொழுது கடிகாரம் இரவு பத்து மணி காட்டியது. வானமோ எங்கள் ஊரின் மாலை ஐந்தரை மணி போல் இருந்தது. அந்நகரம் வட அகலக்கோடு ஏறத்தாழ 60 பாகையில் அமைந்தது. ஆதலால் ஆனி மாதத்தில் ஞாயிறு இரவு பத்து மணிக்குப் பின்னரே மறைகின்றது. மறைந்தும் அடிவானத்தின் கீழ் ஆழப் போவதில்லை. நள்ளிரவிலும் ஒரு மெல்லிய வெள்ளொளி வானில் நிற்கின்றது. அந்நாட்டார் அதனை வெண்ணிரவு என்பர்.

அகப்பொருள் இலக்கணத்தை அண்மையிற் படித்து முடித்திருந்த மாணவன் ஒருவன் வானத்தை நிமிர்ந்து பார்த்தான். “ஐயா, குறிஞ்சிக்குச் சிறுபொழுது யாமமெல்லோ? யாமமே இல்லாத ஊரிலை தலைவன் எப்ப வாறது?” என்றான். “மார்கழியில் வருவான். அப்பொழுது இங்கே பகல் ஆறு மணித்தியாலத்துக்கும் குறைவு” என்றேன். பிரயாணக் களைப்பெல்லாம் அந்தச் சிரிப்பிற் போயிற்று.

எங்களுக்கு வழிகாட்டியாக வாய்த்தவன் அங்கே மருத்துவம் பயிலும் கிளிநொச்சி இளைஞன். உருசிய மொழியைத் தண்ணீர்பட்ட பாடாகப் பேசினான். நகரின் வரலாற்றை அவன் சுருக்கிச் சொன்னான். 1703இல் பீற்றர் என்னும் பேரரசன் நீவா கடலோடு கலக்கும் சதுப்பு நிலத்திலே இதனை எழுப்பத் தொடங்கினான். கட்டுவதற்குக் கொண்டுவரப்பட்ட குடியானவர் பலர் அச்சேற்றிலேயே மடிந்தனர். 1712 தொடக்கம் 1918 வரை, இடையே சில ஆண்டு தவிர, இதுவே தலைநகர். 1914இல் பெற்றோகிராட் ஆயிற்று. 1924இல் லெனின்கிராட் ஆயிற்று. 1991இல் மீண்டும் பழைய பெயரைப் பெற்றது. நெடுங்காலம் வாழ்ந்த கிழவர் ஒருவர் வீடு மாறாமலே மும்முறை ஊர் மாறியிருக்கக்கூடும்.

நீவாவின் நீளம் 74 கிலோமீற்றர்தான். நம்முடைய மகாவலியில் நாலில் ஒரு பங்கும் இல்லை. ஆயினும் லடோகா என்னும் பேரேரியின் நீரையெல்லாம் சுமந்து வருவதால் அதன் பெருக்கு கடல் போன்றது. கப்பல்கள் செல்வதற்காகப் பாலங்களின் நடுப்பகுதியை இரவில் இரு கதவுகள் போல மேலே தூக்குவர். இக்காட்சியைக் காணவேண்டுமென்று இரண்டாம் இரவே புறப்பட்டோம். எங்கள் விடுதி வசீலியெவ் தீவில் இருந்தது. நாங்கள் நின்றதோ எதிர்க்கரையில். ஒரு மணிக்கு மேல் அரண்மனைப் பாலம் இரண்டாகப் பிளந்து வானை நோக்கி எழுந்தது. பிள்ளைகள் ஆரவாரித்தனர். பிறகுதான் எனக்கு விடயம் விளங்கிற்று. பாலம் எழுந்தால் நாங்கள் வீடு போவது எப்படி? “மூண்டு மணிபோலை கொஞ்ச நேரம் இறக்குவினம் ஐயா. அது வரைக்கும் இதிலை நிக்கவேண்டியதுதான்” என்றான் வழிகாட்டி. நேரத்தோடு திரும்பும்படி அவன் முன்னரே சொல்லியிருந்தான். கேளாதவன் நான்.

ஆற்றங்கரையின் கருங்கல் மதிலில் நிரையாக உட்கார்ந்தோம். குளிர்ந்த காற்று வீசியது. சுடுநீர்ப் போத்தலில் வெறுந்தேநீர் இருந்தது. முல்லைத்தீவு மாணவி ஒருத்தி பையிலிருந்து பனங்கட்டிக் குட்டான் ஒன்றை எடுத்து, உடைத்து, எல்லார்க்கும் பங்கிட்டாள். அவள் அதிகம் பேசாதவள். வகுப்பிலும் கேட்டதற்கு மாத்திரம் விடை சொல்லுவாள்.

அப்பொழுது நாயொன்றை நடத்திக்கொண்டு முதிய மாது ஒருவர் எங்களருகே வந்து நின்றார். உறக்கம் பிடிக்காத முதுமை. ஒளி குறையாத இரவு. எந்த ஊர் என்று வினவினார். மாணவி எழுந்து அவருக்கும் ஒரு துண்டு பனங்கட்டி கொடுத்தாள். அவர் அதை மோந்து பார்த்தார். பிறகு இரண்டாக உடைத்தார். ஒரு பாதியை வாயிலிட்டு, மறுபாதியைக் கைலேஞ்சியிற் கவனமாக முடிந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எங்கெங்கே போகின்றீர்கள் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல வழிகாட்டி மொழிபெயர்த்தான். முடிவில் அவர் ஒரே சொற் கேட்டார்: “பிஸ்கரியோவ்?” இல்லையென்று தலையசைத்தேன். அவர் ஒன்றும் கூறவில்லை. தாம் முற்றுகைக் காலத்துக் குழந்தை என்று மாத்திரம் சொல்லிவிட்டு நாயோடு நடந்து போனார்.

மாணவி அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். குளிரினால் நிற்கின்றாள் என்று நான் எண்ணினேன்.

வெற்றுச் சட்டங்கள்

மறுநாள் ஏர்மித்தாஜ் அரும்பொருளகம் சென்றோம். இரண்டாம் கத்தரீன் அரசி 1764இல் தொடக்கிய சேகரம் அது. பேரரசர் வாழ்ந்த மாரிகால அரண்மனையும் அதன் பகுதியே. லியொனார்தோ தீட்டிய தாயும் சேயுமான சித்திரங்கள் இரண்டு அங்கே உள்ளன. ரெம்பிராந்து தீட்டிய, ஊதாரி மைந்தன் தந்தையிடம் திரும்பிவரும் ஓவியத்தின் முன் பிள்ளைகள் நெடுநேரம் நின்றனர். பொன்மயமான இயந்திர மயில் ஒன்றும், நிலவறையில் எலி பிடிப்பதற்கென்றே வளர்க்கப்படும் பூனைகளைப் பற்றிய கதையும் அவர்களைப் பெரிதும் மகிழ்வித்தன.

இவற்றைக் காட்டிலும் என் உள்ளத்திற் பதிந்தது அங்கே இல்லாத ஒன்று. 1941 யூன் மாதத்திலே ஜெர்மனிய நாசிப் படை சோவியத்து நாட்டினுட் புகுந்தது. அரும்பொருளகத்தார் இரவு பகலாகப் பொதிகட்டிப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட பொருள்களைப் புகையிரதங்களில் ஏற்றி யூரல் மலைப்புறத்துக்கு அனுப்பினர். சித்திரங்களைக் கழற்றினரேயன்றிச் சட்டங்களைக் கழற்றவில்லை. அவை வெறுமையாகவே சுவரில் தொங்கின. 1941 செத்தெம்பர் 8ஆம் நாள் நகரம் முற்றுகைக்குள்ளாயிற்று. ஒரு புறம் ஜெர்மனியர். வடக்கே பின்லாந்துப் படை. 1944 சனவரி 27 வரை, 872 நாள் அந்நிலை நீடித்தது. அக்காலத்திலே, அரும்பொருளகத்திற் பணிக்கு உதவிய படைவீரர்க்கு, அங்கிருந்த வழிகாட்டி ஒருவர் வெற்றுச் சட்டங்களின் முன் நின்று, இங்கே இன்ன சித்திரம், இன்ன வண்ணம், இன்னவாறு ஒளி வீழும் என்று ஒவ்வொன்றாக விளக்கினாராம்.

ஏடு கையில் இல்லாதபொழுதும் பாடம் சொல்லும் மரபில் வந்தவன் நான். என் ஆசிரியர் நூலைத் திறவாமலே நூற்பா சொல்லுவார். ஏடு போனாலும் பாடம் போகாது என்பதற்கு இப்படியும் ஒரு சான்று உருசிய நாட்டிலே இருக்குமென்று நான் நினைத்ததில்லை.

உண்ணாத நெல்

மூன்றாம் நாள் ஐசக் தேவாலயத்தைக் கண்டோம். 1818இல் தொடங்கி 1858இல் முடித்த மாபெரும் கட்டடம். செந்நிறக் கருங்கல்லால் ஆன ஒற்றைக்கல் தூண்களும் பொற்றகடு வேய்ந்த கூரையும் கண்ணைப் பறித்தன. முற்றுகைக் காலத்தில் இத்தேவாலயத்தின் முன்றிலைக் கொத்தி மக்கள் கோவா பயிரிட்டனர் என்று வழிகாட்டி சொன்னான். பிறகு அச்சதுக்கத்தின் ஓரத்திலே உள்ள கட்டடமொன்றின் வாயிலுக்கு எங்களைக் கூட்டிச் சென்றான். அது பயிர்த்தொழில் ஆராய்ச்சி நிலையம். அதனை உலகறியச் செய்தவர் நிக்கொலாய் வவிலோவ். நிலவுலகின் பல பாகங்களுக்கும் சென்று நெல், கோதுமை, சோளம், கச்சான், உருளைக்கிழங்கு முதலிய பயிர்களின் வித்துக்களைத் திரட்டியவர். பஞ்சம் வந்தால் மானிடத்துக்கு உதவும் என்பது அவர் கருத்து. அவரை அவர் நாட்டு அரசே 1940இற் சிறைப்படுத்தியது. 1943இல் சறாத்தோவ் சிறையிலே நலிந்து இறந்தார்.

அவர் திரட்டிய வித்துக்களோ முற்றுகைக்குள் இருந்தன. அவற்றைக் காத்தவர்கள் அவருடைய உடனுழைப்பாளர். சுற்றிலும் தானியப் பொதிகள், வெளியே பசி. கச்சான் ஆராய்ச்சியாளர் அலெக்சாந்தர் சூக்கின் தம் எழுதுமேசையிலேயே உயிர்விட்டார். நெல் வித்துக்களைக் காத்த திமித்ரி இவானோவ் ஆயிரக்கணக்கான நெற்பொதிகளின் நடுவே பட்டினியால் இறந்தார். இவர்போல் இன்னும் பலர். ஒரு பிடி நெல்லையும் உலையிலிட்டாரில்லை.

இதைக் கேட்டவுடன், வவுனிக்குளத்திலே வயல் செய்யும் குடும்பத்துப் பையன் ஒருவன், “விதைநெல்லுக்கு உலை வைக்கப்படாது எண்டு அப்பு சொல்லுவார்” என்றான். சற்றுப் பொறுத்து, “ஐயா, அவைக்குப் பிள்ளையள் இருந்தினமோ?” என்று கேட்டான்.

நான் என்ன சொல்வேன்? நாளைக்கு வரும் பிள்ளைகளுக்காக இன்றைக்குப் பசித்திருத்தல் பெருமைதான். இன்றைக்கு அழும் பிள்ளை மடியில் இருந்தால் அப்பெருமை எவ்வளவு நேரம் நிற்கும்? ஆசிரியர்க்கு எல்லாக் கேள்விக்கும் விடை தெரிந்திருக்க வேண்டுமென்பது பொய். தெரியவில்லை என்றே கூறினேன்.

நனைந்த நூல்கள்

வசீலியெவ் தீவிலே, ஆற்றை நோக்கி, குன்ஸ்த்கமெறா என்னும் பழைய காட்சிச்சாலை உண்டு. பீற்றர் அரசனே 1714இல் தொடக்கியது. அலெக்சாந்தர் மேர்வார்ட், லியுத்மிலா மேர்வார்ட் என்னும் தம்பதியர் இக்காட்சிச்சாலைக்காக 1914 முதல் 1918 வரை இலங்கையிலும் இந்தியாவிலும் தங்கி அரும்பொருள்கள் திரட்டினர். கணவர் நாடு திரும்பித் தமிழ் கற்பித்தார். பேச்சுத் தமிழுக்கு உருசிய மொழியில் ஓர் இலக்கணம் எழுதி 1929இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே சிறைப்பட்டு, 1932இற் கைதியாகவே மாண்டார். வேறு பேரினத்து மொழியாகிய தமிழை அக்குளிர்நாட்டிலே மாணவர்க்குக் கற்பித்த ஒருவருக்கு அப்படி ஒரு முடிவு. ஆயினும் அவர் இட்ட வித்து முளைத்தது. பின்னாளிலே இந்நகரிற் செமியோன் ரூதின் தமிழ் கற்பித்தார். அவரும் பியாத்திகோர்ஸ்கியும் தொகுத்த தமிழ்-உருசிய அகராதி 1960இல் வெளிவந்தது. இதைக் கேட்டபொழுது பிள்ளைகளின் முகத்தில் ஒரு பெருமிதம் தோன்றியது. நானும் அதைத் தடுக்கவில்லை.

அதே தீவில் அறிவியற் கழகத்தின் நூலகம் இருக்கின்றது. 1988 பெப்புருவரியில் அது தீப்பற்றியது. ஏறத்தாழ மூன்று இலட்சம் நூல்கள் எரிந்தன. தீயை அணைக்கப் பாய்ச்சிய நீரில் முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டவை நனைந்தன. நனைந்த நூல் சில நாளிற் பூஞ்சணம் பிடித்து அழியும். பலவற்றைக் குளிரறைகளில் உறைய வைத்தனர். மற்றும் பலவற்றை நகர மக்கள் தங்கள் வீடுகளுக்கு எடுத்துச்சென்று, அடுக்களையிலும் கூடத்திலும் கயிறு கட்டித் தாள் தாளாக உலர்த்தித் திருப்பிக் கொடுத்தனர். எங்கள் பழைய மாணவர் அக்காலத்தில் அங்கே பயின்றவர். தாமும் விடுதி அறையில் நான்கு நூல்களை உலர்த்தியதாக எனக்குச் சொல்லியிருந்தார். அவற்றுள் ஒன்றையேனும் தாம் வாசிக்க இயலவில்லை என்றும், வாசிக்க இயலாத நூலைக் காப்பதிலே ஒரு தனி இன்பம் உண்டென்றும் சொல்லிச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. 1981 மே மாதத்துக் கடைசி இரவிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபொழுது எனக்கு வயது பன்னிரண்டு. 97,000 நூல்கள் எரிந்தன. அவ்வெரியைக் கண்ட தாவீது அடிகள் என்னும் மொழியறிஞர் அந்த அதிர்ச்சியிலே உயிர்துறந்தார். எங்களுக்கு உலர்த்துவதற்கு ஒரு நனைந்த நூலும் கிடைக்கவில்லை. சாம்பலை யார் உலர்த்துவார்? இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். சொல்லிவிட்டு ஆற்றுப் பக்கம் திரும்பி நின்றேன்.

நூற்றிருபத்தைந்து கிராம்

அன்று மாலை முல்லைத்தீவு மாணவி என்னிடம் வந்தாள். “ஐயா, நீங்கள் வெட்டின இடத்துக்கு நான் போகவேணும்” என்றாள். வெட்டியது உனக்கு எப்படித் தெரியும் என்றேன். அந்தப் பட்டியல் எங்கள் அறைக் கதவிலே ஒட்டியிருந்தது. மைக்கோட்டின் கீழ் எழுத்துத் தெரிந்தது. “உங்களை நினைத்துத்தான் வெட்டினேன்” என்றேன். “தெரியும் ஐயா. ஆனா அந்த அம்மம்மா பனங்கட்டியை முடிஞ்சு வைச்சதைப் பாத்தனீங்களோ? எங்கட அம்மாவும் இப்பவும் அப்பிடித்தான் வைக்கிறவ.”

மறுநாட் காலை சுரங்கப் புகையிரதத்தில் புறப்பட்டோம். ஆற்றுப்படுகைக்கும் கீழே ஓடுவதாதலால் நிலையங்கள் மிக ஆழமானவை. படிகள் தாமாக இறங்குகின்றன, இறங்கிக்கொண்டே இருக்கின்றன. அங்கிருந்து பஸ்வண்டியிற் சென்றோம்.

பிஸ்கரியோவ் இடுகாடு 1960இல் நினைவிடமாகத் திறக்கப்பட்டது. வாயிலில் அணையா விளக்கு. நடைபாதையின் இருமருங்கும் நீண்ட புல்மேடுகள், 186. அவற்றின் கீழே ஏறத்தாழ 4,90,000 பேர், பெரும்பாலார் பொதுமக்கள். மேடுகளிற் பெயர் இல்லை. ஆண்டு பொறித்த ஒரு கல் மாத்திரமே உண்டு. 1942, 1942, 1942 என்று அதே எண் மீண்டும் மீண்டும் வந்தது. எல்லையில் மாலை ஏந்திய வெண்கலத் தாயின் சிலை நிற்கின்றது.

வாயிலருகேயுள்ள சிறு காட்சிக்கூடத்தில் ஒரு பாண் துண்டு இருந்தது. 1941 நவம்பர் 20 தொடக்கம் திசெம்பர் 25 வரை, தொழிலாளர் அல்லாதவர்க்கும் குழந்தைகளுக்கும் நாளொன்றுக்கு அளந்த பங்கு 125 கிராம். நம் ஊர் இறாத்தற் பாணிலே கால்வாசிக்குச் சற்று மேல். அதிலும் மாவோடு பருத்திவிதைப் பிண்ணாக்கும் மரநார்த் தூளும் கலந்திருந்தன. அருகே தானியா சவிச்சேவா என்னும் சிறுமியின் குறிப்பேட்டுத் தாள்களின் பிரதி. தன் வீட்டார் ஒவ்வொருவராக இறந்த நாளையும் நேரத்தையும் அச்சிறுமி எழுதி வைத்தாள். 1944இல் தானும் இறந்தாள்.

பாண் துண்டின் முன் மாணவி நின்றாள். நான் பின்னால் நின்றேன். அவள் திரும்பாமலே சொன்னாள்: “எங்கட அம்மா கஞ்சியைச் சிரட்டையாலை அளந்துதான் வார்த்தவ ஐயா. கடைசிச் சிரட்டை எப்பவும் தம்பிக்கு.”

மூன்று ஆண்டு அவள் எங்கள் கல்லூரியிற் படித்தாள். அவளுக்கு ஒரு தம்பி இருந்தான் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

அந்நாட்டு மக்கள் அம்மேடுகளில் மலரோடு பாணும் இனிப்பும் வைப்பது வழக்கம். நம்மவர் படைக்கும் படையல் போல. 1942 என்றெழுதிய கல்லின் முன் அவள் முழந்தாளிட்டுத் தன் குட்டானில் எஞ்சியிருந்த கடைசிப் பனங்கட்டித் துண்டை வைத்தாள். வவுனிக்குளத்துப் பையன் காலை உணவில் மிச்சம் பிடித்த பாணை வைத்தான். மற்றவர் ஒருவர் பின் ஒருவராகக் கையில் இருந்ததை வைத்தனர். எவரும் அழவில்லை. திரும்பி வரும்பொழுது வன்னிப் பிள்ளைகள் ஐவரும் தங்களுக்குள்ளே பேசிக்கொண்டு வந்தனர். என்ன பேசினர் என்று நான் கேட்கவில்லை. அவர்கள் பேசியதே போதுமாயிருந்தது. நான் மறைக்க நினைத்தது அவர்களுக்குத் தெரியாததை அன்று. தெரிந்ததைச் சொல்ல ஓர் இடத்தை.

ஊர் திரும்பியபின் அப்பழைய மாணவர் தொலைபேசியில் அழைத்தார். “பிள்ளைகள் ஊரைப் பார்த்தார்களா?” என்றார். “பார்த்தார்கள். எனக்கும் காட்டினார்கள்” என்றேன்.

அம்மாணவி இப்பொழுது வன்னியிலே ஒரு சிறு பாடசாலையில் தமிழ் கற்பிக்கின்றாள். 2022இல் உருசியப் படை உக்கிரேன் நாட்டினுட் புகுந்தது. மரியுபோல் என்னும் துறைமுக நகரம் முற்றுகைக்குள்ளாகி, மக்கள் உணவும் நீருமின்றி நிலவறைகளில் ஒதுங்கினர். 872 நாள் பசியை அறிந்த நாடே இதைச் செய்கின்றதே என்று நான் திகைத்திருந்தேன். அன்றிரவு அவளிடமிருந்து கைத்தொலைபேசியில் ஒரு வரி வந்தது:

“ஐயா, அங்கையும் ஒரு அம்மா அளந்துகொண்டிருப்பா.”